காவேரியின் இருபத்தெட்டுப் பல்

"இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க," என்றாள் தங்கமணி.

எல்லப்பன் மூன்றாம் தடவையாக வெள்ளைத் துணியைக் கிழித்து, காவேரியின் தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார். கையை எடுத்ததும் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். கட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. வாய்தான் கேட்கவில்லை. ஒரு விரற்கடை அளவுக்குத் திறந்தபடியே நின்றது. உதடுகள் இரண்டும் ஒதுங்கிக்கொள்ள, பல்வரிசை பளிச்சென்று வெளியே தெரிந்தது. எண்பத்தொன்பது வயதில் செத்துப்போன ஒருத்தி, வாசலில் போட்ட ஷாமியானாவுக்குக் கீழே பெஞ்சில் படுத்துக்கொண்டு, யாரோ செய்த கேலி இப்போதுதான் புரிந்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆவாதும்மா," என்றார் எல்லப்பன். "முப்பது வருஷமா இந்த ஊர்ல எல்லாச் சாவுக்கும் நான்தான் முன்னால நிக்கறேன். இந்த வயசுக்கு வாயி உள்ள போயிருக்கும். சுருக்குப் பை மாதிரி இழுத்துக் கட்டிடலாம். இவங்களுக்குப் பல்லு முட்டுது. விடியக்காலமே கூப்ட்டிருந்தா ஏதாவது பண்ணியிருப்பேன். இப்ப வெறச்சிப்போச்சு."

"வர்றவங்க இந்த மொகத்தப் பாத்துட்டு எப்படிங்க அழுவாங்க?"

"அழறவங்க கண்ண மூடிக்கினு அழட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

தங்கமணி அழுவதற்கு ஆயத்தமாகத்தான் வந்திருந்தாள். பல் செட்டைக் கழற்றி முந்தானை நுனியில் முடிந்து வைத்திருந்தாள். அதோடு ஒப்பாரி வைத்தால் இரண்டாவது அடியிலேயே நழுவிவிடும் என்பது போன வருஷம் மேலத்தெரு பெரியதம்பி வீட்டுச் சாவில் அவள் பட்டுத் தெரிந்துகொண்டது. வயது ஐம்பத்தேழு. நாலு பிள்ளை பெற்றவள். சர்க்கரை, முட்டிவலி, பல் செட் மூன்றும் அவளுக்கு ஒரே வருஷத்தில் வந்து சேர்ந்தன. வெறும் ஈறோடு உட்கார்ந்து, செத்தவளின் வாயில் முழுசாக மின்னும் பற்களைப் பார்த்தபோது, துக்கத்தோடு வேறு ஏதோ ஒன்றும் அவள் முகத்தில் வந்து போனது.

தலைமாட்டில் துண்டால் ஈ ஓட்டிக்கொண்டிருந்த பொற்கொடி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். காலையிலிருந்து அவளுக்கு இதே தொந்தரவு. ஓசூரில் முதல் பஸ் பிடித்து, கிருஷ்ணகிரியில் மாறி, மத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஊர் வந்து சேரும்வரை நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருந்தது. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அழலாம் என்று அடக்கி வைத்துக்கொண்டு வந்தாள். முகத்தைப் பார்த்தாள். சிரிப்புதான் வந்தது. அடக்கிய சிரிப்பில் தோள் குலுங்கியதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "பாவம், வளத்த பொண்ணு இல்ல" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

வளர்த்த பெண்தான். காவேரி பொற்கொடியின் அம்மாவுக்கு அக்கா. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. தங்கை சரோஜம்மாள் ஒன்பது பெற்றாள். பதினெட்டு வயதில் பெரியவன் நாராயணப்பன். இருபத்தாறில் தங்கமணி. நாற்பத்து மூன்றில் கடைசியாகப் பொற்கொடி. ஒவ்வொரு பிரசவமும் தன் பங்குக்கு ஒரு பல்லையாவது எடுத்துக்கொண்டு போயிற்று. ஒன்பதாவது பிறந்தபோது சரோஜம்மாளின் வாயில் பல்லும் இல்லை, மாரில் பாலும் இல்லை. பிறந்த ஒன்பதாம் நாள் காவேரி வந்து, கேழ்வரகு மூட்டையைத் தூக்குவதுபோலக் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த தன் வீட்டுக்கு நடந்தாள். ஆட்டுப்பால் ஊற்றி வளர்த்தாள். யாரும் கொடுக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. தத்து என்ற வார்த்தையை யாரும் வாயால் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் அம்மா பெயர் சரோஜம்மாள். படுத்துத் தூங்கியது காவேரியின் வயிற்றோடு ஒட்டி.

சரோஜம்மாள் அறுபத்திரண்டில் போய்விட்டாள். அதற்குப் பிறகு காவேரி இருபத்தொரு வருஷம் இருந்தாள். வெறுமனே இருந்தாளா? ஊரைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் தன்னை ஒதுக்கி வைத்த பெண்கள் வீட்டு வாசல்களில், கரும்பை முழங்காலில் வைத்து உடைத்து, பல்லாலேயே தோலை உரித்துத் துப்பிக்கொண்டு நடப்பாள். அவர்கள் ஒவ்வொருத்தராகப் போனார்கள். "நல்லதுக்குக் கூப்பிடாத சிறுக்கிங்க எல்லாம் சாவுக்குக் கூப்ட்டாளுங்க. ஒன்னு விடாம போயிட்டு வந்துட்டேன்," என்பாள்.

பொற்கொடி ஒருமுறை அவளை ஓசூர் ஹவுசிங் போர்டு வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டாள். ஆறாம் நாள் காவேரி பையைத் தூக்கிவிட்டாள். "கம்பனி இருக்குது, கரண்டு இருக்குது, ஒரு வேப்பங்குச்சி இல்ல. இது ஒரு ஊரா?"

நேற்று சாயங்காலம்கூட, தோப்பில் விழுந்த தோத்தாபுரி மாங்காய் இரண்டை உப்பு மிளகாய்த்தூள் தொட்டு நறுக் நறுக்கென்று தின்றிருக்கிறாள். "என்னமோ இன்னிக்குப் பல்லு கூசுது" என்றாளாம். அதுதான் கடைசிப் பேச்சு. வாழ்நாளில் பல்லைப் பற்றி அவள் சொன்ன முதல் புகாரும் அதுதான்.

*

பத்தரை மணிக்கு ஒரு பெண் தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பைகளோடு தெருமுனையில் வந்தாள். ஷாமியானாவையும் மேளத்தையும் பார்த்ததும் நின்றாள். பிறகு பெஞ்சைப் பார்த்தாள்.

"அய்யய்யோ, ஏனாய்த்து?" என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு அப்புறம்தான் தமிழுக்கு வந்தாள். "என்னாச்சு? எப்போ? நான் இன்னிக்கு வர்றேன்னு சொல்லியிருந்தேன். மூணாவது விசிட்."

நாராயணப்பன் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு எழுந்து வந்தார். அறுபத்தைந்து வயது, ஒன்பதில் மூத்தவர். இப்போது உயிரோடு இருக்கும் ஆறு பேருக்கும் அவர்தான் தலை. "வாங்க மேடம். பெங்களூர் மேடம்," என்று கூட்டத்துக்குச் சொன்னார். "பெரிம்மாவுக்கு பென்ஷன் விசயமா வருவாங்களே, அவங்க."

"பென்ஷன் இல்ல சார். எத்தனை தடவை சொல்றது. நான் சரிதா. யூனிவர்சிட்டி. பி.எச்டி பண்றேன்."

"அதான். ரெண்டும் ஃபாரம்தானே."

சரிதா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, காவேரியின் காலருகே கொஞ்ச நேரம் கைகட்டி நின்றாள். கண் கலங்கியது. முகத்தைப் பார்த்ததும் அவளுடைய வாயோரமும் லேசாக அசைந்ததைப் பொற்கொடி கவனித்தாள். அந்தக் கணத்திலேயே அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப் போயிற்று.

சரிதா அப்போதே திரும்பிப் போயிருப்பாள். ஆனால் உட்காரும்போது பை சாய்ந்து பி.பி. பார்க்கும் கருவி வெளியே உருண்டது. தங்கமணி முதலில் பார்த்தாள்.

"அது பிரஸர் பாக்கறதுதானே?"

"ஆமாங்க."

"எனக்குக் காலைல இருந்து தல சுத்துது. அழுது அழுது."

தங்கமணி இன்னும் அழ ஆரம்பிக்கவே இல்லை. சரிதா கையில் பட்டையைச் சுற்றி, அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "நூத்தியெழுபது. மாத்திரை போடலையா?" என்றாள். "சாவு வீட்டுல எங்கேந்து மாத்திர போடறது?" என்ற தங்கமணி, அடுத்தவளுக்கு இடம் விட்டு எழுந்தாள். அடுத்தவள் ஏற்கனவே முழங்கைவரை வளையலை ஏற்றி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

கால் மணி நேரத்தில் காவேரியின் தலைமாட்டில் இருந்ததைவிட சரிதாவைச் சுற்றித்தான் கூட்டம். மேளக்காரர்கள் இரண்டு பேர் அடிப்பதை நிறுத்திவிட்டு வரிசையில் வந்தார்கள். மாலை வாங்கி வந்தவர்கள் மாலையோடு நின்றார்கள். எல்லப்பனுக்கு நூற்றிருபது, எண்பது. "சாவு வீட்டுல நல்லா இருக்கறவன் நீ ஒருத்தன்தான்யா" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பெஞ்சின்மேல் காவேரி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தது இப்போது அவ்வளவு பொருந்தாமல் தெரியவில்லை.

பி.பி. பார்க்கும்போது சரிதா பழக்கதோஷத்தில், "எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான்.

"எனக்கு நாலு. மூணாவதுல சக்கரை வந்துது."

"எனக்கு அஞ்சு. கர்ப்பப்பை எறங்கிப்போச்சு. ரெண்டு வருசமா குனிஞ்சு பெருக்க முடியல."

"எனக்கு ஒன்னுதான், ஆனா அது ஒம்போதுக்கு சமம். அவன் பண்ற அட்டகாசத்துல மயிரெல்லாம் கொட்டிடுச்சு."

"இதையெல்லாம் எதுக்கு மேடம் கேக்கறீங்க?" என்றார் நாராயணப்பன்.

சரிதா பட்டையைச் சுருட்டிக்கொண்டே யோசித்தாள். "ஒரு தியரி இருக்குது சார். உடம்புல இருக்கற சத்து ஒரு அளவுதான். அதைப் புள்ள பெக்கறதுக்கும் செலவு பண்ணணும், உடம்பை அப்பப்ப ரிப்பேர் பண்ணிக்கறதுக்கும் செலவு பண்ணணும். ரெண்டுக்கும் முழுசா பத்தாது. இயற்கைக்கு நாம நூறு வருஷம் இருக்கணும்னு ஒன்னும் கவலை இல்ல. புள்ளைங்க வந்துட்டா போதும், நம்மள அது அப்படியே விட்டுடும். அப்படின்னா நெறைய பெத்தவங்களுக்கு ஆயுசு குறையுமா, பல்லு எலும்பு தேயுமா, பெக்காதவங்களுக்கு நீளுமான்னு பாக்கறோம். இன்னும் சரியா தெரியல. அதுக்குத்தான் ஊர் ஊரா வர்றேன்."

"இதைக் கண்டுபுடிக்க பெங்களூர்லேருந்து வரணுமா?" என்றாள் தங்கமணி. "என்னையும் அதையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா தெரியாது?" கையால் பெஞ்சைக் காட்டினாள்.

"எங்கம்மா பதினொன்னு பெத்துட்டு தொண்ணூறு வரைக்கும் இருந்துச்சே," என்றார் பெரியதம்பி. "சாவறதுக்கு மொதநாள் வரைக்கும் எங்கப்பன வெளக்கமாத்தால அடிச்சுச்சு."

"அதுவும் உண்டு. அதனாலதான் ஒரு ஊரோட நிறுத்த முடியல," என்றாள் சரிதா.

நாராயணப்பனுக்கு மட்டும் விஷயம் உடனே பிடிபட்டது. அவருக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு. "இதுல என்ன இருக்குது? ஒரு வருசம் கொத்துக் கொத்தா காய்ச்ச மரம் மறு வருசம் ஓஞ்சு நிக்கும். அதுக்குத்தான் ஒட்டுச்செடி வெச்சா மொத மூணு வருசம் பூவைக் கிள்ளிப் போட்டுடணும். பூ விட்டுச்சேன்னு ஆசப்பட்டு விட்டோம்னா, காய் வரும், மரம் எழும்பாது. மரம் எழும்பினப்புறம்தான் காயி."

சரிதா அவசரமாக நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டாள். நாராயணப்பன் எழுதி முடியும்வரை காத்திருந்து, பெருமையோடு பெஞ்சருகே திரும்பினார்.

பொற்கொடியின் கை ஈ ஓட்டுவதை நிறுத்தியிருந்தது.

அம்மாவுக்குப் பதினேழில் கல்யாணம், பதினெட்டில் அண்ணன். பூவைக் கிள்ளிவிட ஒருத்தரும் இருந்திருக்கவில்லை. பொற்கொடி ஓசூர் கம்பெனியில் வண்டி விளக்குகளைச் சோதித்து அனுப்புகிறவள். எண்ணாமல் எதையும் கை தாண்டி விட்டுப் பழக்கமில்லை. மனசு தானாகவே கணக்குப் போட்டது. அக்கா எண்பத்தொன்பது. தங்கை அறுபத்திரண்டு. வித்தியாசம் இருபத்தேழு. ஒன்பது பிள்ளை. ஆளுக்கு மூன்று வருஷம்.

அவ்வளவு சுத்தமாக, மீதியில்லாமல் வகுபட்டது அவளுக்குப் பயமாக இருந்தது. இப்படியெல்லாம் வகுக்க முடியாது என்று தெரியும். தொப்பையைத் தடவிக்கொண்டு நிற்கும் பெரியண்ணன் கண்டிப்பாக அஞ்சு வருஷமாவது எடுத்திருப்பார் என்றும் தோன்றியது. ஆனால் கடைசி மூன்று? அது அவளுடையது. சின்ன வயதிலிருந்து யாராவது ஒருத்தர் அவளிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள், உன்னைப் பெத்ததோட அவ விழுந்தவ, எழுந்திரிக்கவே இல்ல என்று. எண்ணிக்கை மட்டும்தான் இதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

*

கூட்டம் கலைந்து தண்ணி எடுத்துவரப் போனது. சரிதா பையைக் கட்டிக்கொண்டு பொற்கொடியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்கதானே பொற்கொடி அக்கா? ஓசூர்ல வேலை பாக்கறீங்க. அம்மா சொல்லியிருக்காங்க. ரொம்ப கஷ்டமா இருக்கும். மகளா இருந்துட்டு..."

"மக இல்லம்மா. தங்கச்சி மக. இது பெரிம்மா."

"தெரியும்க்கா," என்றாள் சரிதா. பிறகு பெரிய பையைத் திறந்து, நீல அட்டைக் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினாள். மேலே வட்டமாக ஒரு முத்திரை. பெயர் காவேரி. வயது 89. உயரம், எடை, ரத்த அழுத்தம். கைப்பிடி வலு. பல் 28. அதற்குக் கீழே, பெற்ற குழந்தைகள். அங்கே முதலில் ஒரு பூஜ்ஜியம் எழுதி, பேனாவால் அடித்து, பக்கத்தில் ஒன்று என்று எழுதியிருந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில், பெண், பொற்கொடி, ஓசூர்.

"மொத தடவை வந்தப்ப உங்க அண்ணன்தான் பதில் சொன்னாரு. யாருமே இல்ல, அனாதைன்னு. அப்பதான் பென்ஷன் வரும்னு நெனச்சிருக்காரு. நானும் ஜீரோ போட்டுட்டுப் போயிட்டேன். எனக்கு சந்தோஷம் வேற. ஜீரோ குழந்தை, எண்பத்தொம்போது வயசு, இருபத்தெட்டுப் பல்லு. எங்க புரொபஸர் ஃபோட்டோ எடுத்துட்டு வரச் சொன்னாரு. ரெண்டாவது தடவை வந்தப்ப அண்ணன் தோப்புக்குப் போயிருந்தாரு. அம்மா தனியா இருந்தாங்க. என்ன எழுதியிருக்கே, படின்னாங்க. படிச்சேன். ஜீரோன்னதும் ஃபாரத்தப் புடுங்கிட்டாங்க."

"புடுங்கிட்டாங்களா?"

"ஒன்னுன்னு எழுதுடின்னாங்க. அம்மா, இது பெத்த குழந்தைங்க மட்டும்தான், வளத்ததை எழுதக் கூடாதுன்னேன். அதுக்கு, ஆறு மாசம் கண்ணு மூடல, இடுப்பு ஒரு பக்கமா சாஞ்சு போச்சு, மயிரு நரைச்சது அப்பதான், இதெல்லாம் ஒங்க ஃபாரத்துல எங்க போவும்னு கேட்டாங்க. எழுதலன்னா வாயத் தெறக்க மாட்டேன், பல்லு ஃபோட்டோ எடுக்க முடியாதுன்னுட்டாங்க."

பொற்கொடி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதினேன். அப்புறம் அவங்களே கேட்டாங்க, ஒன்னுன்னா எனக்கு எத்தன வருசம் கொறையும்னு. நான் சிரிச்சேன். அப்படியெல்லாம் கணக்கு இல்லம்மான்னேன். அவங்க சிரிக்கல. கொறைஞ்சா கொறையட்டும், அடிக்காம அப்படியே வெச்சிருன்னாங்க." சரிதா மூக்கை உறிஞ்சினாள். "புரொபஸர் இந்த ஃபாரம் செல்லாதுன்னுட்டாரு. இன்னிக்கு மறுபடி ஜீரோ வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பினாரு."

இரண்டு பேரும் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார்கள். இந்த அம்மாவிடம் இனி யார் போய் ஜீரோ வாங்குவது என்று தெரியாத மாதிரி.

*

குளிப்பாட்டி, கோடிப் புடவை போர்த்தியதும் மேளம் ஓங்கி ஒலித்தது. தங்கமணி அழுதாள். நன்றாகவே அழுதாள், பல் இல்லாத வாயில் வார்த்தைகள் காற்றாகப் போனாலும் ராகம் பிசகவில்லை. மற்ற பெண்கள் ஒருத்தர் தோளை ஒருத்தர் கட்டிக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள்.

எல்லப்பன் முறத்தில் அரிசியைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார். கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினார்.

"வாய்க்கரிசி போடறவங்க வரலாம். மொதல்ல பெத்த மக்க. பெத்த மக்க இருந்தா வாங்க."

எல்லாச் சாவிலும் சொல்வதைத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் எந்தச் சாவில் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நாராயணப்பனைப் பார்த்தார். தண்டவாளத்தைக் கடக்க நிற்கும் கூட்டம் ரயில் போகக் காத்திருக்கிற மாதிரி, எல்லாரும் அந்த அழைப்பு கடந்து போகக் காத்திருந்தார்கள். அது கடந்ததும் தங்கை மக்கள், பங்காளிகள் என்று வரிசை கிளம்பும்.

பொற்கொடிக்கு அம்மாவின் சாவு ஞாபகம் வந்தது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. வரிசையில் ஒன்பதாவது. அண்ணன்கள், அண்ணிகள், அக்காக்கள், அத்தான்கள் எல்லாரும் போட்டு முடித்து அவள் முறை வந்தபோது, பல்லில்லாமல் குழிந்திருந்த அம்மாவின் வாய் நிரம்பிவிட்டிருந்தது. அவள் போட்ட அரிசி முகவாயில் வழிந்து மண்ணில் விழுந்தது. மூன்று தடவை போட்டாள். மூன்று தடவையும் விழுந்தது. "போதும்மா, நவுரு" என்றார்கள்.

பொற்கொடி எழுந்து ஒரு அடி வைத்தாள். புடவையை யாரோ பின்னாலிருந்து பிடித்தார்கள். தங்கமணி. தெளிவாகப் பேசுவதற்காக முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பல் செட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி போற?"

"அரிசி போட."

"பெத்த மக்கன்னு சொல்றாரு. காது கேக்கலையா? நாங்க எல்லாம் தங்கச்சி மக்களா பின்னால நிக்க, நீ மட்டும் மகளா போவியா? அப்ப ஒன்னப் பெத்தவ யாரு? நீ பொறந்தப்ப நான்தான்டி வெந்நி வெச்சேன். எனக்குப் பதினேழு வயசு. அம்மா கெடந்த கெடப்ப நான்தான் பாத்தேன். அவ பட்டதெல்லாம் எங்க போச்சு?"

ஊர் முழுக்கப் பார்த்தது. அக்கா சொன்னதில் பொய் இல்லை. இருபது வருஷமாகப் பொற்கொடி தனக்குத் தானே சொல்லிக்கொண்டதும் இதைத்தான்.

"அம்மா பட்டது அம்மாவோடதுக்கா," என்றாள். "அதை நான் இல்லன்னு சொல்லல. ஆனா இவங்க எழுதி வெச்சுட்டுப் போயிருக்காங்க."

"என்னாத்த எழுதி வெச்சுது? அதுக்குக் கையெழுத்தே வராது!"

நாராயணப்பன் முன்னால் வந்தார். எழுதி வைத்தது என்ற சொல் அவர் காதில் வேறு மாதிரி விழுந்திருக்க வேண்டும். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. "என்னாம்மா? உயிலா?"

"இல்ல சார்," என்று சரிதா தாளை நீட்டினாள். "ஃபாரம்."

நாராயணப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஷாமியானாவுக்கு வெளியே வெயிலில் போய் நின்று படித்தார். அடித்திருந்த பூஜ்ஜியத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஒன்றைப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் வந்தார். "நான் இல்லாத நேரமா பாத்து..." என்று முணுமுணுத்தார். பிறகு மேலே இருந்த வட்டத்தை விரலால் தொட்டார்.

"இது சீலா?"

"ஆமா சார். யூனிவர்சிட்டி சீல்."

"கவர்மெண்டு யூனிவர்சிட்டிதானே?"

"ஆமா."

அவர் தாளை மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்து சரிதாவிடம் திருப்பிக் கொடுத்தார். "சீல் வெச்சிருக்கு தங்கமணி. விடு. இனிமே ஒன்னும் பண்ண முடியாது."

"சீலு வெச்சா? சீலு வெச்சா ஆச்சா?" என்றாள் தங்கமணி. ஆனால் கை புடவையை விட்டிருந்தது. பிறகு, தங்கையின் தலையில் கோணலாக இருந்த முக்காட்டைச் சரியாக இழுத்துவிட்டு, "மூணு தரம் போடணும். சிந்தாம போடு. அன்னிக்கு மாதிரி எறைக்காத," என்றாள்.

பொற்கொடி திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு அரிசி மண்ணில் விழுந்ததை இன்னொருத்தியும் பார்த்திருக்கிறாள் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

முறத்திலிருந்து ஒரு பிடி எடுத்தாள். பெஞ்சருகே மண்டியிட்டாள். திறந்திருந்த வாய் அவளைப் பார்த்துச் சிரித்தது. உள்ளே ஒரு அரிசிகூட இல்லை. முழு இடமும் காலியாக இருந்தது. முதல் பிடி பற்களின்மேல் விழுந்து, பாதி உள்ளே போனது. பாதி பல்லிடுக்கில் தங்கியது. அதை விரலால் மெல்ல உள்ளே தள்ளினாள். இரண்டாவது பிடி. மூன்றாவது.

மூன்றாவதைத் தள்ளியபோது சுட்டுவிரல் மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவில் போய் நின்றது. சின்ன வயதில் கேழ்வரகுக் களியை உருட்டி அவள் பெரியம்மாவுக்கு ஊட்டுவாள். ஒவ்வொரு தடவையும் காவேரி வாயை மூடி அந்த விரலைப் பிடித்துக்கொள்வாள். வலிக்காது. ஆனால் இழுத்தால் வராது. "உடு பெரிம்மா, உடு பெரிம்மா" என்று கத்தக் கத்த, கண்ணை உருட்டிக்கொண்டு விடாமல் பிடித்திருப்பாள்.

"ஆச்சும்மா," என்றார் எல்லப்பன். "கையை எடு. அடுத்தவங்க வரணும்."

"இருங்க," என்றாள் பொற்கொடி.

பின்னால் தங்கமணி கையில் அரிசியோடு வந்து நின்றாள். அவளும் அவசரப்படுத்தவில்லை. ஒரு ஈ வந்து காவேரியின் கன்னத்தில் உட்கார்ந்தது. பொற்கொடி மற்ற கையால் அதை ஓட்டினாள்.